பெக்கட்: பெட்டியும் முகமும்

1961 ஜூன் 26ஆம் தேதி பி.பி.ஸி. தொலைக்காட்சி ‘கோடோவுக்காகக் காத்திருத்தல்’ நாடகத்தை ஒளிபரப்பியது. டைரக்டர் டொனால்ட் மக்வின்னி. விளாதிமிராக ஜாக் மக்கவ்ரன், எஸ்த்ரகானாக பீட்டர் வுட்தார்ப். ஸாமுவல் பெக்கட்டின் எழுத்துக்கு இவர்கள் அந்நியர்கள் அல்ல. மக்வின்னி அவருடைய வானொலி நாடகத்தைத் தயாரித்தவர். வுட்தார்ப் 1955இல் லண்டன் மேடையில் அதே பாத்திரத்தை ஏற்றவர். ஆனாலும் பார்த்து முடித்த பெக்கட்டுக்குத் திருப்தி இல்லை. இந்தப் பெட்டிக்காகத் தான் இதை எழுதவில்லை என்றும், பரந்த வெளியில் அகப்பட்டுக்கொண்ட சிறிய மனிதர்களுக்காக எழுதிய நாடகம் இது, இங்கே மனிதர்கள் இடத்தை மீறிப் பெரிதாகிவிட்டார்கள் என்றும் அவர் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது.

மேடைக்காரர் ஒருவர் புதிய சாதனத்தின் மேல் காட்டும் எரிச்சல் என்று இதை ஒதுக்கிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இது அளவைப் பற்றிய புகார். மேடையில் ஒரு மரம், ஒரு மேடு, மாலை வெளிச்சம். மற்றதெல்லாம் வெறுமை. அந்த வெறுமையின் நடுவே இரண்டு பேர் பேசிக்கொண்டிருப்பதில்தான் நாடகம் இருக்கிறது. பேச்சு நின்றதும் வெறுமை அவர்கள் மேல் வந்து கவிகிறது. அதைத் தள்ளி நிறுத்த மறுபடி பேசத் தொடங்குகிறார்கள். காமிரா நெருங்கினால் வெறுமை சட்டத்துக்கு வெளியே போய்விடுகிறது. பின்வாங்கினால், அந்நாளைய சிறிய திரையில் மனிதர்கள் தீக்குச்சிகளாகிவிடுகிறார்கள். எந்த டைரக்டரின் சாமர்த்தியத்தாலும் இந்தச் சிக்கல் தீராது. அன்று ஒளிபரப்பானது கோடோவின் வசனம்.

தொலைக்காட்சி நாடகம் என்ற சொற்சேர்க்கையை நாம் அதிகம் யோசிக்காமல் பயன்படுத்துகிறோம். தமிழ் வீடுகளில் ‘நாடகம்’ என்றாலே மாலையில் ஓடும் தொடர் என்று அர்த்தமாகிவிட்ட நிலையில் யோசிக்க அவகாசமும் இல்லை. மேடை நாடகத்தைக் காமிரா முன் ஆடிக் காட்டுவது, தொலைக்காட்சிக்கென்றே எழுதுவது, மேடைக்கு எழுதியதைத் தொலைக்காட்சிக்காகத் திரும்ப எழுதுவது என்று மூன்று காரியங்கள் இந்த ஒரு பெயருக்குள் அடங்கிக் கிடக்கின்றன. இவற்றுக்கிடையே என்ன வேறுபாடு என்பதைக் கோட்பாடாகச் சொல்வது சுலபம். ஒரே எழுத்தாளனின் கையில் இந்த மூன்றும் என்ன ஆயின என்று பார்ப்பது அதைவிடப் பயனுள்ளது. பெக்கட் மூன்றையும் கடந்து வந்தவர்; இருபது வருஷம் இந்தப் பெட்டியோடு மல்லுக்கு நின்றவர்.

இதில் ஒரு முரண்பாடும் இருக்கிறது. 1957இல் அவருடைய ‘ஆல் தட் ஃபால்’ வானொலி நாடகத்தை மேடையேற்றலாமா என்ற பேச்சு வந்தபோது அமெரிக்கப் பதிப்பாளர் பார்னி ரோஸட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். அது உடல்களுக்காக எழுதப்பட்டதல்ல, குரல்களுக்காக எழுதப்பட்டது. இருளிலிருந்து வருவதுதான் அதன் உயிர். கலை வகைகளை ஓரளவாவது தனித்தனியாக வைத்துக்கொள்ள முடியாவிட்டால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். இப்படி எழுதியவர் 1963இல் அதே நாடகம் பிரெஞ்சுத் தொலைக்காட்சிக்குப் போக அனுமதித்தார். பிறகு தம் மேடை நாடகங்களைத் தாமே தொலைக்காட்சிக்கு மாற்றினார். கொள்கை தளர்ந்துவிட்டது என்று சொல்லலாமா? 1963இல் தளர்ந்ததாகவே நினைக்கிறேன். ஆனால் பின்னால் அவரே செய்த மாற்றங்களில் தளர்ச்சி இல்லை. இதற்குக் காரணம், இடையில் 1965இல் அவர் நேரடியாகத் தொலைக்காட்சிக்கென்று ஒரு நாடகம் எழுதினார். அதை எழுதியபோது இந்தச் சாதனம் மனிதனை என்ன செய்கிறது என்பது அவருக்குப் பிடிபட்டுவிட்டது.

தொலைக்காட்சி என்ன செய்கிறது? நாடகத்தை மறந்துவிட்டு அதன் அன்றாடத் தொழிலைப் பார்ப்போம். ஒரு முகத்தை நெருங்கிப் போய்க் காட்டுகிறது. திரைக்கு வெளியிலிருந்து ஒரு குரல் அந்த முகத்தைக் கேள்வி கேட்கிறது, அல்லது அதைப்பற்றி நமக்குச் சொல்கிறது. பி.பி.ஸி.யில் 1959 முதல் 1962 வரை ‘ஃபேஸ் டு ஃபேஸ்’ என்றொரு பேட்டி நிகழ்ச்சி வந்தது. கேள்வி கேட்ட ஜான் ஃப்ரீமனின் முகம் அநேகமாகத் திரைக்கு வராது. பதில் சொல்கிறவரின் முகத்தை விட்டுக் காமிரா நகராது. 1960 செப்டம்பரில் கில்பர்ட் ஹார்டிங் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். சிடுசிடுப்புக்குப் பேர்போன தொலைக்காட்சிப் பிரமுகர். இறப்பை நேரில் பார்த்ததுண்டா என்ற கேள்வி வந்ததும் குரல் உடைந்தது, கண் கலங்கியது. தாயை இழந்தவர் அவர். அந்த முகம் கலைவதை நாடு முழுவதும் வரவேற்பறையில் உட்கார்ந்து பார்த்தது. இரண்டு மாதத்தில் அவரும் இறந்துபோனார்.

பெக்கட் அந்த நிகழ்ச்சியைப் பார்த்தாரா என்பது என் வாதத்துக்கு அவசியமில்லை. ஆனால் முகத்தையும் அதை விசாரிக்கும் குரலையும் வைத்துத்தான் அவருடைய முதல் தொலைக்காட்சி நாடகமான ‘ஏ ஜோ’ அமைந்திருக்கிறது. மக்கவ்ரனை மனதில் வைத்து எழுதப்பட்ட நாடகம் இது. முதலில் ஜெர்மன் மொழியில், ஸ்டுட்கார்ட்டின் தென் ஜெர்மன் ஒலிபரப்பு நிலையத்தில், 1966 ஏப்ரல் 13 அன்று, பெக்கட்டின் அறுபதாவது பிறந்த நாளில், அவரே டைரக்ட் செய்ய ஒளிபரப்பாயிற்று. அதில் ஜோவாக டெரிக் மெண்டல். ஆங்கில வடிவம் அதே வருஷம் ஜூலை 4 அன்று பி.பி.ஸி.யின் இரண்டாம் அலைவரிசையில் வந்தது. மக்கவ்ரனின் முகம், ஷான் ஃபிலிப்ஸின் குரல்.

ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவன், பழைய அங்கி, வீட்டுச் செருப்பு. ஜன்னலைத் திறந்து பார்த்து மூடுகிறான், திரையை இழுத்துவிடுகிறான். கதவைத் திறந்து பார்த்துப் பூட்டுகிறான். அலமாரியையும் அப்படியே. கட்டிலுக்கு அடியிலும் குனிந்து பார்க்கிறான். யாரும் இல்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து உடம்பைத் தளர்த்துகிறான். அதுவரை காமிரா ஒரே தூரத்தில் அவனைப் பின்தொடர்கிறது. அவன் தனியாக இருக்கிறான் என்று தீர்மானமானதும் பெண் குரல் ஒன்று தொடங்குகிறது. அவன் முகத்தை நோக்கிக் காமிரா மெல்ல நகரத் தொடங்குவதும் இதற்குப் பிறகுதான். ஒன்பது நகர்வுகள், ஒவ்வொன்றும் நான்கு அங்குலம். மொத்தத்தில் ஒரு கஜம். நாடகம் முழுவதிலும் ‘சம்பவம்’ என்று சொல்லத்தக்கது இந்த ஒரு கஜம்தான்.

அந்த நகர்வுக்குப் பெக்கட் வகுத்த விதியைக் கவனிக்க வேண்டும். குரல் பேசும்போது காமிரா அசையாது. ஒரு பத்தி முடிந்ததும் ஏழு விநாடி மௌனம். முதல் மூன்று விநாடி காமிரா சும்மா இருக்கிறது. அடுத்த நான்கு விநாடி முன்னேறுகிறது. குரல் மறுபடி எழுந்ததும் நின்றுவிடுகிறது. அந்த மௌனங்களில்தான், குரல் இன்றைக்கு ஓய்ந்துவிட்டதோ என்ற நம்பிக்கையில் ஜோவின் முகம் சற்றே இளகுகிறது. அவன் நம்பிக்கை கொள்ளும் நேரம் பார்த்துக் காமிரா நெருங்குகிறது. குரலுக்கும் காமிராவுக்கும் இடையே அவனுக்குத் தெரியாத ஓர் ஒப்பந்தம் இருப்பதுபோல் இருக்கிறது. போலீஸ் விசாரணையில் ஒருவர் அதட்டி ஓய்ந்ததும் இன்னொருவர் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொள்வார் அல்லவா, அந்த மாதிரி.

குரல் சொல்வது புதிய விஷயம் இல்லை. அவன் கைவிட்ட பெண்களில் ஒருத்தியின் குரல் அது. அவளுக்கு ஒன்றும் நேரவில்லை. அவனைவிட மேலான ஒருவன் கிடைத்துவிட்டான். ஆனால் இன்னொருத்தி இருந்தாள். அவள் ஓர் இரவில் கடற்கரைக்குப் போனதையும், ஒரு வழியில் முடியாமல் இன்னொரு வழியாக, திரும்பத் திரும்ப வீட்டுக்கும் கடலுக்கும் நடந்து கடைசியில் செத்ததையும் குரல் சாவகாசமாக, ஏற்ற இறக்கமின்றி விவரிக்கிறது. ஜோவுக்குப் பேச்சு கிடையாது. கேட்டுக்கொண்டிருப்பதுதான் அவன் வேலை. ஒரு நடிகனிடம் கேட்கக்கூடிய மிகக் கடுமையான காரியம் அது. மக்கவ்ரனின் முகத்தில் அழுகை வருவதற்கு முன்பே அழுகைக்கான இடம் தயாராவதை நாம் பார்க்கிறோம். மேடையில் எட்டாவது வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்கு இது தெரியாது.

நம் நாட்டு விஷயம் ஒன்றும் இந்த நாடகத்துக்குள் புகுந்திருக்கிறது. தலைக்குள் பேசும் குரல்களை ஜோ ஒவ்வொன்றாகக் கழுத்தை நெரித்துக் கொன்று வந்திருக்கிறான். அப்பாவின் குரல், அம்மாவின் குரல், பிறகு மற்றவர்கள். இதற்கு அவன் வைத்திருந்த பெயர், வழிப்போக்கர்களோடு நட்பாகச் சேர்ந்து நடந்து துணியால் கழுத்தை இறுக்கிக் கொன்ற தக்குகளின் தொழிற்பெயர். அந்தச் சொல்லை மனம் என்ற அடையோடு பெக்கட் பயன்படுத்துகிறார். செத்தவர்களை மறுபடி கொல்வது! அன்பாகக் கூட வந்தவர்களை அவன் வெளியே என்ன செய்தானோ அதையே உள்ளேயும் செய்கிறான். இந்தச் சொல்லுக்குப் பின்னால் மறுபடி வருவேன்.

‘ஏ ஜோ’வைப் பற்றி ஓர் ஆட்சேபம் எழலாம். வானொலி நாடகம் ஒன்றில் படத்தை ஒட்டவைத்ததுதானே இது? குரல்தான் எல்லாம் செய்கிறது. முகம் சும்மா இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஆட்சேபம் சரி என்றே படும். கண்ணைத் திறந்தால், கேட்பவன் யார் என்ற கேள்வி வந்துவிடுகிறது. வானொலியில் குரல் நம்மிடம் பேசுகிறது. இங்கே நாம் ஒட்டுக்கேட்கிறோம். அதோடு, காமிராவோடு சேர்ந்து ஒருவனை நெருங்குகிறோம். பூட்டிய அறையில் இருப்பவனை, பூட்டிய அறையில் இருக்கும் நாம் பார்க்கிறோம். குற்றம் சாட்டுகிறவள் பக்கமா, குற்றவாளியின் பக்கமா என்று தீர்மானிக்கவிடாமல் அந்த ஒரு கஜம் நம்மை இழுத்துக்கொண்டு போகிறது.

இதற்குப் பின்னாளில் ஒரு சாட்சியம் கிடைத்தது. 2006இல் பெக்கட்டின் நூற்றாண்டின்போது ஆட்டம் எகோயன் இந்தத் தொலைக்காட்சி நாடகத்தை டப்ளினின் கேட் தியேட்டரில் மேடையேற்றினார். மைக்கேல் காம்பன் ஜோவாக உட்கார்ந்திருக்க, பெனலபி வில்டனின் குரல் ஒலித்தது. ஆனால் மேடைக்கு முன்னால் மெல்லிய திரை ஒன்றைக் கட்டி, உயிருள்ள காமிராவின் வழியாகக் காம்பனின் முகத்தைப் பெரிதாக்கி அதில் காட்ட வேண்டியிருந்தது. மேடைக்குக் கொண்டுபோன பிறகும் அந்த நாடகத்தால் காமிராவை விட்டுவிட முடியவில்லை. தொலைக்காட்சிக்கென்று எழுதப்பட்டது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம்.

இப்போது மேடையிலிருந்து மாற்றியவற்றுக்கு வருவோம். ‘நாட் ஐ’ 1972இல் நியூயார்க்கில் முதலில் நடிக்கப்பட்டது. 1973 ஜனவரியில் லண்டனில் பில்லி வைட்லா நடித்தார். இருண்ட மேடையில் தரையிலிருந்து எட்டடி உயரத்தில் ஒரு வாய் மட்டும் தெரிகிறது. அது மூச்சு விடாமல் பேசுகிறது. எழுபது வயதுக் கிழவி ஒருத்தியின் கதை. வாழ்நாளெல்லாம் ஊமைபோல் இருந்தவள். திடீரென்று சொற்கள் கொட்டத் தொடங்குகின்றன. அது தன் கதைதான் என்று ஒப்புக்கொள்ள வாய் மறுக்கிறது. ‘நான்’ என்ற சொல்லுக்கு அருகே வந்ததும் ஐந்து முறை மிரண்டு ‘அவள்’ என்பதற்கே திரும்பிவிடுகிறது. மேடையின் ஒரு பக்கத்தில், ஆணா பெண்ணா என்று தெரியாதபடி தலை முதல் கால் வரை கறுப்பு அங்கி மூடிய ஓர் உருவம் நிற்கிறது. இப்படி மறுக்கும்போது அது கைகளைச் சற்றுத் தூக்கித் தாழ்த்துகிறது. உதவ முடியாத இரக்கம். நான்கு முறை, ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே போய், ஐந்தாவது மறுப்புக்கு அதுவும் இல்லை.

1975இல் பி.பி.ஸி. வைட்லாவை வைத்து இதைப் படமாக்கி, 1977 ஏப்ரல் 17 அன்று பெக்கட்டின் இரண்டு புதிய தொலைக்காட்சி நாடகங்களோடு சேர்த்து ஒளிபரப்பியது. கறுப்பு அங்கி உருவம் போய்விட்டது. எட்டடி உயரம் போய்விட்டது. தூரத்து இருளில் ஒரு புள்ளியாக இருந்த வாய் திரை முழுவதையும் அடைத்துக்கொண்டது. உதடு, பல், நாக்கு, எச்சில். வெட்டாமல், கோணம் மாறாமல், முடியும்வரை அதுவே. கோடோவைப் பற்றி அவர் செய்த புகார் இங்கும் பொருந்த வேண்டும் அல்லவா? இங்கேயும் மனித உறுப்பு இடத்தை மீறிப் பெரிதாகிவிட்டதே. ஆனால் பெக்கட் இதை ஏற்றுக்கொண்டார்.

எனக்குப் படும் காரணம் இது. அந்தக் கிழவியின் கதைக்குள்ளேயே ஒரு நீதிமன்றம் வருகிறது. குற்றவாளியா இல்லையா, சொல் என்று கேட்கிறார்கள். அவள் வாய் பாதி திறந்தபடி நிற்கிறாள்; வார்த்தை வரவில்லை. நாடகம் முழுவதிலும் நமக்குக் கேட்காத ஏதோ ஒன்று அவளைத் திருத்திக்கொண்டும் குறுக்கிட்டுக்கொண்டும் இருக்கிறது. விசாரணைக்கு உட்பட்ட வாய் அது. விசாரணை என்றால் தொலைக்காட்சிக்கு அதைச் செய்யத் தெரியும். காமிரா அந்த வாயை விட்டு நகராமல் நின்றதே போதுமானதாயிற்று. கோடோவில் மனிதர்கள் பெரிதானபோது அவர்களைச் சூழ்ந்திருந்தது அழிந்தது. இங்கே வாய் பெரிதானபோது, அதைச் சூழ்ந்திருப்பது நாம் என்று ஆயிற்று.

ஆனால் இழப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்தக் கறுப்பு அங்கியின் கையசைவு மேடையில் எனக்கு முக்கியமானது. கேட்பவன் ஒருவன் இருக்கிறான், அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்பதை அது காட்டியது. தொலைக்காட்சி வடிவத்தில் அந்த வேலை நமக்கு வருகிறது. நம் கை தூக்கப்படுமா என்பது நிச்சயமில்லை. பல வருஷங்களுக்கு முன் இந்தப் படத்தை நண்பர் ஒருவர் வீட்டில் சிறிய பெட்டியில் ஆறேழு பேர் சேர்ந்து பார்த்தோம். இரண்டாவது நிமிஷத்தில் ஒருவர் சிரித்தார். ஐந்தாவது நிமிஷத்தில் அவரே எழுந்து வெளியே போனார். சிரிப்பு நின்று எழுந்துபோனதைத்தான் அந்தக் கையசைவுக்கு ஈடாக நான் எடுத்துக்கொள்ள வேண்டும்போலும்.

2001இல் வெளிவந்த ‘பெக்கட் ஆன் ஃபிலிம்’ வரிசையில் மேடை நாடகங்கள் பத்தொன்பதும் படமாயின. அதில் ‘நாட் ஐ’ நீல் ஜோர்டனின் பொறுப்பு; நடிகை ஜூலியான் மூர். அவர் வந்து நாற்காலியில் உட்காருவது காட்டப்படுகிறது. பிறகு வாயைப் பல கோணங்களிலிருந்து மாறி மாறிப் பார்க்கிறோம். மூரின் பேச்சில் குறையில்லை. ஆனால் கோணம் மாறிய கணத்தில் விசாரணை தளர்ந்துவிடுகிறது. காமிராவுக்கு வேறு போக்கிடம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. வாய்க்குச் சொந்தக்காரி யாரென்றும் முதலிலேயே தெரிந்துவிட்டது. ‘நான் அல்ல’ என்று அது மறுப்பதை இனி யார் நம்புவது? சினிமா டைரக்டர் ஒருவர் தன் தொழிலில் தேர்ந்தவராக இருப்பதே இங்கு இடைஞ்சலாகிவிட்டது. மாற்றி எழுதுவது என்றால் புதிய சாதனத்தின் வசதிகளையெல்லாம் உபயோகித்துக்கொள்வது என்ற எண்ணம் எவ்வளவு தவறானது என்பதற்கு இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் போதும்.

1977இல் அதே இரவில் வந்த ‘கோஸ்ட் ட்ரையோ’வில் விசாரணை வேறு திசையில் போகிறது. பீதோவனின் பியானோ மூவிசை ஒன்றின் பெயர் அது. அதன் மெதுவான பகுதியிலிருந்து துண்டுகள் ஒலிக்கின்றன. சாம்பல் நிற அறை. பெண் குரல் ஒன்று முதலில் நம்மையே அதிகாரம் செய்கிறது: ஒலியைக் கூட்டாதே, குறைக்காதே என்கிற தோரணை. பிறகு தரை, சுவர், கதவு, ஜன்னல் ஒவ்வொன்றையும் மாதிரி காட்டுவதுபோல் காட்டுகிறது. எல்லாம் சாம்பல் நிறச் செவ்வகங்கள். இரண்டாம் பகுதியில் உட்கார்ந்திருக்கும் மனிதன் என்ன செய்யப்போகிறான் என்பதைக் குரல் முன்கூட்டியே சொல்கிறது. அவன் அப்படியே செய்கிறான். ரோனால்ட் பிக்கப் பொம்மைபோல் நகர்கிறார். ஆனால் ஓரிடத்தில் அவன் குரல் சொல்லாத ஒன்றைச் செய்கிறான். சுவரிலிருக்கும் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கிறான். குரல் வியந்துபோகிறது. மூன்றாம் பகுதியில் குரலே இல்லை.

அந்தக் குரல் வைட்லாவுடையது. இரண்டு வருஷம் முன்பு அதே தொண்டையிலிருந்து கிழவியின் வாய் பேசிற்று. ஜோவின் முகத்தை விசாரித்த குரல் கடைசிவரை தோற்கவில்லை. இங்கே குரல் தோற்கிறது. பார்க்கப்படுகிறவன் தன்னைத் தானே பார்த்துக்கொண்டதும் திரைக்கு வெளியே இருப்பவளுக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. பதினோரு வருஷத்தில் பெக்கட் இந்தச் சாதனத்தின் அதிகாரத்தைத் தெரிந்துகொண்டதோடு அதில் ஓர் ஓட்டையையும் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

கடைசிக் காரியம் ‘வாட் வேர்’. 1983இல் ஆஸ்திரியாவின் க்ராட்ஸ் நகரில் மேடையேறிய சிறிய நாடகம். நேரடியாகவே சித்திரவதையைப் பற்றியது. ஒருவனிடமிருந்து ஒரு பதிலை வரவழைக்க இன்னொருவன் அனுப்பப்படுகிறான். பதில் வரவில்லை என்று திரும்பி வருகிறவன் பொய் சொல்கிறான் என்று குற்றஞ்சாட்டப்பட்டு, அவனை விசாரிக்க அடுத்தவன் போகிறான். மேடையில் நீண்ட நரைமுடியும் சாம்பல் அங்கியுமாக ஒரேமாதிரி நான்கு பேர் வந்துபோகிறார்கள். 1985இல் ஸ்டுட்கார்ட் நிலையத்தில் காமிராக்காரர் ஜிம் லூயிஸோடு உட்கார்ந்து பெக்கட் இதைத் தொலைக்காட்சிக்கு மாற்றினார். 1986 ஏப்ரல் 13 அன்று, எண்பதாவது பிறந்த நாளில், ‘வாஸ் வோ’ என்று ஜெர்மனில் வெளியாயிற்று. வருவது போவது இல்லை. அங்கி, முடி, உடம்பு எதுவும் இல்லை. இருளில் மங்கலான முகங்கள் தோன்றி மறைகின்றன. இடது பக்கம் பெரிதாக, கலங்கிய ஒரு முகம். தன் நாடகத்தின் நடையையும் வாசலையும் வெட்டி எறிந்தவர் நாடகாசிரியரேதான். பயிற்சி பெற்ற எந்த மாற்றி எழுதுபவரும் கூட்டியிருப்பார்.

என் வாதத்துக்குள் அடங்காத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். 1981இல் அதே ஸ்டுட்கார்ட்டில் செய்த ‘க்வாட்’. வெள்ளை, மஞ்சள், நீலம், சிவப்பு முக்காட்டு அங்கிகளில் நான்கு பேர் ஒரு சதுரத்தின் பக்கங்களிலும் மூலைவிட்டங்களிலும் விதிப்படி நடக்கிறார்கள். நடுப்புள்ளியை மட்டும் ஒவ்வொருவரும் விலகித் தாண்டுகிறார்கள். பேச்சில்லை, முகமில்லை. தாளவாத்தியம் மட்டும். அதைக் கறுப்பு வெள்ளையில் பார்க்க நேர்ந்த பெக்கட், தாளமும் நிறமும் இல்லாமல், செருப்பு உரசும் ஓசையோடு, மெதுவாக, இரண்டாம் பகுதி ஒன்றையும் சேர்த்தார். ழில் தெலூஸ் 1992இல் இந்தத் தொலைக்காட்சி நாடகங்களைப் பற்றி எழுதிய கட்டுரையில், சாத்தியங்களையெல்லாம் தீர்த்துவிடும் கலை என்ற கோணத்தில் ‘க்வாட்’ சிறப்பாகப் பொருந்துகிறது. ஆனால் அந்தக் கோணத்திலேயே ‘ஏ ஜோ’வையும் பார்த்தால் கடற்கரையில் செத்த பெண் கணக்கில் வராமல் போய்விடுகிறாள். என் கோணத்தில் ‘க்வாட்’ நழுவுகிறது. அதை நான் ஒப்புக்கொள்கிறேன். அவளை நழுவவிடுவதைவிட அது மேல்.

இந்த நாடகங்களுக்கு இடம் கொடுத்தவை இரண்டும் பார்வையாளர்களின் கட்டணத்தில் நடந்த பொது நிலையங்கள். விளம்பரக்காரனுக்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் ஏழு விநாடி மௌனத்தை யாரும் விற்றிருக்க முடியாது. ஸ்டுட்கார்ட் நிலையம் 1998இல் வேறொன்றோடு இணைக்கப்பட்டுத் தன் பெயரையும் இழந்துவிட்டது. அந்த அறுபது, எழுபதுகளின் ஏற்பாடு திரும்பி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் நாடகங்கள் இருக்கின்றன. மக்கவ்ரனின் முகத்தையும் வைட்லாவின் வாயையும் இன்று கைப்பேசியில் பார்த்துவிடலாம். 1961இல் பெக்கட்டுக்குச் சிறியதாகப் பட்ட பெட்டி இப்போது உள்ளங்கை அளவுக்கு வந்துவிட்டது. அளவைப் பற்றி நான் கவலைப்படவில்லை. இந்த நாடகங்கள் சிறுமைக்குப் பழகியவை. வேறொன்று மாறியிருக்கிறது. 1966 ஜூலையில் ‘ஏ ஜோ’வைப் பார்த்தவருக்கு இரண்டே வழிகள்தான்: முழுக்கக் கேட்பது, பெட்டியை மூடிவிட்டு எழுந்துபோவது. எழுந்துபோனால் அந்தக் குரல் வேறு வீடுகளில் தொடர்ந்துகொண்டிருக்கும் என்று அவருக்குத் தெரியும். இன்று கடற்கரைக்குப் போகும் பெண் பாதி வழியில் இருக்கும்போது கட்டைவிரலை வைத்து நிறுத்தலாம். பின்னால் தள்ளலாம், தாண்டிப் போகலாம். குரல் நம் அனுமதியோடுதான் பேசுகிறது.

ஜோ தன் தலைக்குள் செய்துவந்ததும் அதுதான். அதற்கு அவன் ஒரு பெயர் வைத்திருந்தான்.